வேஷம் கலைந்த காலிஃபிளவர்

தமிழ்நாட்டில் காலிஃபிளவர் சொந்த முகத்தோடு பந்திக்கு வந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் யாருக்கோ பதிலாகத்தான் வரும். கல்யாண வரவேற்பில் செக்கச்செவேலென்று, கறிவேப்பிலையைத் தலையில் போட்டுக்கொண்டு வருகிறதே, அது கோழிக்குப் பதில். சிக்கன் 65 எங்கள் பிள்ளை என்று சென்னை புஹாரி ஓட்டல் 1965ஆம் வருஷத்தைச் சொல்லி உரிமை கொண்டாடுகிறது. கோழி சாப்பிடாதவர்கள் எத்தனை நாள்தான் அடுத்தவர் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அதே மசாலா, அதே எண்ணெய்ச் சட்டி. கோழியை மட்டும் எடுத்துவிட்டுக் காலிஃபிளவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். மஞ்சூரியன் கதையும் இதுதான். 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவு கரைத்து விட்டு இறக்கியது கோழியைத்தான். அது நம் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு வந்து சேர்வதற்குள் கோழி வழியிலேயே இறங்கிக்கொண்டது, காலிஃபிளவர் ஏறிக்கொண்டது.

வேஷம் என்றால் அரிதாரம் வேண்டுமே. அது எந்த அளவுக்குப் போனதென்றால், 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கக் கூடாது என்று தடையே போட்டது. அதற்கு முந்தின மாதம்தான் தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்திருந்தார்கள். துணிக்குப் போடுகிற சாயம் அது. திருவிழாப் பஞ்சுமிட்டாயும் ஒரு காய்கறியும் ஒரே வழக்கில் மாட்டிக்கொண்டு நின்றது அநேகமாக அப்போதுதான் முதல் தடவை.

இப்போது உடம்பு இளைக்கிறவர்கள் வேறு இதைப் பிடித்துக்கொண்டார்கள். பேலியோக்காரர்கள் காலிஃபிளவரைத் துருவிச் சட்டியில் புரட்டி, அதன் தலையில் சாம்பாரை ஊற்றி, ‘சோறு’ என்கிறார்கள். அரைத்துப் பிழிந்து தட்டி பீட்சாவுக்கு அடிப்பாகம் செய்கிறார்கள். கோழி, சோறு, பீட்சா. பாக்கி இருப்பது காப்பிதான்.

அதன் பிறவியே அப்படி என்கிறது விஞ்ஞானம். நாம் சாப்பிடும் அந்த வெள்ளைப் பகுதி பூ இல்லை. பூவாக வேண்டும் என்று கிளம்பிப் பாதி வழியில் நின்றுபோன மொட்டுக் கூட்டம். 2021இல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கியிருந்தார்கள். தண்டின் நுனி பூவாகத் தொடங்குகிறது. முடியவில்லை, மறுபடி தண்டாகிவிடுகிறது. ஆனால் பூவாகப் பார்த்த ஞாபகம் மட்டும் அதைவிட்டுப் போவதில்லை. அதனால் அந்தத் தண்டும் பூவாகப் பார்க்கிறது, அதுவும் தண்டாகிறது, அதன் பக்கத்தில் இன்னொன்று கிளம்புகிறது. இப்படி நிறைவேறாத முயற்சிகள் அடுக்கடுக்காகக் குவிந்ததுதான் நம் பையில் விழும் முக்கால் கிலோ. குரூப் ஒன், குரூப் டூ, குரூப் ஃபோர் என்று அரசுத் தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் எங்கள் சொந்தக்காரப் பையன் மாதிரி. அவனிடமே இதைச் சொன்னேன். “கடைசில அதுக்கு மார்க்கெட்டுல ஒரு வெலை இருக்குல்ல, சித்தி” என்றான்.

பூர்வீகமும் இங்கே இல்லை. 1822இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து விதை வந்து, சஹாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்தில் முதலில் முளைத்ததாகச் சொல்வார்கள். இருநூறு வருஷம் தாண்டியும் திவசச் சமையலில் பல வீடுகளில் இதற்கு அனுமதி கிடையாது. ‘இங்கிலீஷ் காய்’ என்று கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் வரிசையில் இதையும் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். முன்னோர்கள் வாழைக்காயும் புடலங்காயுமாகத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள்.

என் மாமியாருக்கு அது சம்மதம். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, கத்தரி, அவரை, பீர்க்கு என்று வளர்ந்து, கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகுதான் காலிஃபிளவரைக் கண்ணால் பார்த்தவர். முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற மல்லிகையைத் தெருவுக்குத் தெரு தொடுக்கிற ஊரில், முழத்துக்கு விற்காத பூவை எப்படி மதிப்பார்? “பூவுன்னா மணக்கணும்த்தா. இது அவிச்சா நாறுது” என்பது அவருடைய தீர்ப்பு.

இதில் மாமியார் சொல்வதை மறுக்க முடியாது. முட்டைகோஸ், புரோக்கோலி, நூல்கோல், காலிஃபிளவர் நாலும் தாவரவியல்படி ஒரே இனம். ஒரே செடியைத்தான் மனிதர்கள் இலைக்கு, தண்டுக்கு, மொட்டுக்கு என்று தனித்தனியாக வளர்த்துப் பிரித்தார்கள். நாலிலும் கந்தகச் சத்து உண்டு. தண்ணீரில் போட்டு எத்தனைக்கெத்தனை நேரம் கொதிக்க விடுகிறோமோ அத்தனைக்கத்தனை அது நாற்றமாகக் கிளம்பும். பத்து நிமிஷம் கூடுதலாக வெந்த காலிஃபிளவர் கூட்டை மூடி திறக்கும்போது, வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வது இதனால்தான்.

அவிக்கவும் முடியாது, பொரிக்கவும் முடியாது என்ற நிலை எங்கள் வீட்டுக்காரரால் வந்தது. அவருக்கு ரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டதென்று டாக்டர் எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தச் சொன்னார். அவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த உத்தரவிலும் விதிவிலக்குத் தேடுவார். “பலகாரம்னுதானே சொன்னாரு? காலிஃபிளவர் 65 காய்கறிக் கணக்குல வரும்ல?” என்று கேட்டுப் பார்த்தார். வராது என்றேன். இரண்டு நாள் ரசம் சோற்றை வெறும் அப்பளத்தோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கினார். அந்த அப்பளமும் சுட்டதுதான். அப்போதுதான் நான் காலிஃபிளவரை எந்த வேஷமும் போடாமல் ஓவனில் வாட்டிப் போடுவது என்று முடிவு செய்தேன்.

காய் வாங்கப் போவது மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு. 1999 நவம்பர் 14இல் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை இதுதான். அதை என் வீட்டுக்காரர் உள்ளே நுழையும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லிவிடுவார். ஒருநாள் கீரைக்காரம்மாவிடமே சொன்னார். காலிஃபிளவரில் நான் முதலில் பார்ப்பது இலையைத்தான். இலை விறைப்பாக, நரம்பு ஒடிகிற மாதிரி இருந்தால் புதுசு. இலையையெல்லாம் ஒட்ட நறுக்கி மொட்டையாக வைத்திருந்தால், வாடின இலையை நமக்குக் காட்ட விருப்பமில்லை என்று அர்த்தம். பூ நெருக்கமாக, தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். லேசாக மஞ்சள் பூத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெயில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்; வெள்ளையாகவே இருக்கட்டும் என்றுதான் விவசாயிகள் வயலிலேயே இலைகளை மடக்கிப் பூவை மூடிக் கட்டுகிறார்கள். கருப்புப் புள்ளி விழுந்திருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

“புழு இருக்குமா?” என்று கேட்டேன்.

“இருந்தா நல்லதுக்கா. மருந்தடிக்கலைன்னு அர்த்தம்” என்றார் கடைக்காரத் தம்பி. இல்லை என்று சொல்லியிருந்தாலும் அதையும் நல்லதாகவே சொல்லியிருப்பார்.

அந்தப் புழுவுக்கு வேளாண்மைத் துறையில் உள்ள பெயரைக் கேட்டால் அதன்மேல் மரியாதை வந்துவிடும்: வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடக்கி உட்காரும்போது முதுகில் வைர வடிவில் கட்டம் தெரியுமாம். பூச்சிமருந்துகளுக்கு அசைந்துகொடுக்காததில் உலகப் பெயர் வாங்கிய பூச்சி. ஆனால் தமிழ்ப் பெண்களின் மஞ்சள்தூள், கல்லுப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் பத்து நிமிஷத்தில் அதன் குஞ்சு பச்சையாக மிதந்து மேலே வந்துவிடும். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு புழுவாவது கிடைத்தால்தான் திருப்தியாக எழுந்திருப்பார். கிடைக்காவிட்டால், “நல்லாப் பாரு, உள்ள ஒளிஞ்சுருக்கும்.”

இதுவரைக்கும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இதற்கு அடுத்ததுதான் முக்கியமான கட்டம். அதுதான் யாரும் செய்யாதது. குளித்த காலிஃபிளவரைத் துவட்ட வேண்டும். சும்மா உதறினால் போதாது. ஒவ்வொரு துண்டையும் தலைகீழாக, காம்பு மேலே பார்க்க, பருத்தித் துணியில் பரப்பி, ஃபேனைப் போட்டு அரைமணி நேரம் விட வேண்டும். அந்தச் சின்னச் சின்ன மொட்டுகளுக்கு நடுவில் தண்ணீர் அப்படி ஒளிந்திருக்கும். ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், ஐந்தாறு சொட்டு விழும். நான் பரப்பியது வீட்டுக்காரரின் புது ஈரிழைத் துண்டில். தண்ணீரை அது உறிஞ்சுகிற மாதிரி வேறு எதுவும் உறிஞ்சாது. அவர் குளித்துவிட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, “என் துண்டு எங்க?” என்றார்.

“கூடத்துல, ஃபேனுக்குக் கீழ இருக்கு.”

“எடுத்துக் குடேன்.”

“காலிஃபிளவர் இன்னும் காயலைங்க.”

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இந்தப் பாடெல்லாம் எதற்கென்றால், காலிஃபிளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் இருக்கிற வரை எதுவும் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகாது. கூட்டும் குழம்பும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்த நூறிலேயேதான் நிற்கும். மணமும் முறுகலும் கிளம்புவது 140 டிகிரிக்கு மேலே. அந்தச் சூட்டில்தான் காயில் உள்ள சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் ஒன்றோடொன்று கலந்து செம்பழுப்பு நிறமும் வறுத்த வாசமும் வரும். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதி வைத்தார். அவர் ஆராய்ந்தது உடம்புக்குள் புரதம் எப்படி உருவாகிறது என்பதை. சமையல் அவர் நினைப்பிலேயே இல்லை. தோசை ஓரம் முறுகுவது, காப்பிக்கொட்டை வறுபடுவது, நெய் காய்ச்சும்போது அடியில் கசண்டு சிவப்பது எல்லாம் அவர் பெயரிலேயே இன்று வழங்குகின்றன. ஈரத்தோடு ஓவனில் வைத்தால், முதல் பதினைந்து நிமிஷம் சூடெல்லாம் தண்ணீரை விரட்டவே செலவாகிவிடும். அதற்குள் காய் அவிந்து, மாமியார் சொன்ன வாசம் வந்துவிடும்.

ஓவன் எங்கள் வீட்டுக்கு வந்தது 2020 ஊரடங்கில். தமிழ்நாட்டில் பாதிப் பேர் கேக் சுட்டுக்கொண்டிருந்த காலம். என் மகளும் ஒரு ஓடிஜி வாங்கி, வாழைப்பழ கேக்காகச் சுட்டுத் தள்ளினாள். பிறகு கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். ஓடிஜி இங்கேயே தங்கிவிட்டது. அதற்குள் நான் அப்பளக் கட்டு, கூழ்வத்தல் டப்பா, பழைய டிபன் கேரியரின் மூடி ஆகியவற்றை வைத்திருந்தேன். ஓடிஜி இருக்கும் வீடுகளில் முக்கால்வாசியில் உள்ளே இவைதான் இருக்கும், திறந்து பாருங்கள். அவற்றை வெளியே எடுத்துப் போட்ட பிறகு இன்னொரு சிக்கல். ஓடிஜியின் பிளக் பெரிய பிளக். அடுப்படியில் பவர் பிளக் கிடையாது. வீட்டிலேயே அது இருப்பது பின்கட்டில், வாஷிங் மெஷினுக்கு. ஆகவே ஸ்டூல் போட்டு ஓடிஜியைப் பின்கட்டில் துணி சோப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். உடல்நலத்துக்கான என் சமையல், துவைக்கிற கல்லைப் பார்த்தபடியே நடந்தது.

செய்முறை என்று பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் இதில் எல்லாருக்கும் சங்கடம். முக்கால் கிலோப் பூவைக் காம்போடு சேர்த்து நாலாகப் பிளந்து, பிறகு கையால் பிய்த்துக்கொள்ள வேண்டும். கத்தியாலேயே நறுக்கினால் பாதி உதிர்ந்து பொடியாகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கட்டும். அந்தத் தட்டைப் பக்கம் தட்டில் படும்படி கவிழ்க்க வேண்டும், அங்கேதான் சிவக்கும். நடுத்தண்டைத் தோல் சீவி வில்லையாக நறுக்கிச் சேர்க்கலாம். இலையின் இளசான பகுதியையும் போடலாம், அப்பளமாக மொறுமொறுக்கும். எங்கள் தெருவில் அது மாட்டுக்குப் போகும். மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணெய் 2 மேசைக்கரண்டி. கடலை எண்ணெய் நன்றாக இருக்கும், அது அதிகச் சூடு தாங்கும். உப்பு முக்கால் தேக்கரண்டி, பொடித்த மிளகு கொஞ்சம். கையால் பிசறி, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் பரப்பி, ஏற்கெனவே 220 டிகிரியில் சூடேறிய ஓவனில் 25 முதல் 30 நிமிஷம். நடுவில் ஒரே ஒரு தடவை திருப்பிவிட்டால் போதும். மிளகாய்த்தூள் போடுவதென்றால் வெளியே எடுத்த பிறகு. அந்தச் சூட்டில் முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும். எலுமிச்சம்பழமும் அப்படியே. தோலோடு நாலு பூண்டுப்பல்லை ஓரத்தில் போட்டுவிட்டால், அது தானாக வெந்து விழுதாகிவிடும்.

எண்ணெய் அளவைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார். காலிஃபிளவர் 100 கிராமுக்கு 25 கலோரி. சுத்தம் செய்த பிறகு அரைக் கிலோ என்றால் 125. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120, இரண்டுக்கு 240. “அப்ப காயைவிட எண்ணெயிலதான் ஜாஸ்தி இருக்கு. இதுல என்ன ஆரோக்கியம்?” என்றார். நாலு பேர் சாப்பிட்டால் தலைக்கு அரைக்கரண்டி எண்ணெய்தான். மாவு தோய்த்துச் சட்டியில் முக்கி எடுப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. நார்ச்சத்து இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது, அது பாதி சூட்டில் போனாலும் மீதி இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். அவர் அடுத்த கணக்குக்குப் போயிருந்தார். ஓடிஜி 1500 வாட், முன்சூட்டோடு சேர்த்து 40 நிமிஷம் என்றால் ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தந்த இலவச 100 யூனிட்டில், ஒரு பூவுக்கு ஒரு யூனிட். “தெனம் செஞ்சா அறுபது யூனிட் பூவுக்கே போயிரும்” என்றார். தினம் செய்வதாக நான் சொல்லவேயில்லை.

உண்மையான கஷ்டம் ஓவனின் கதவைச் சாத்திய பிறகுதான். நம் அடுப்படியில் எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. அடுப்பில் ஒன்று இருந்தால் கரண்டி உள்ளே இருக்க வேண்டும். கிண்டாத பண்டம் அடிபிடிக்கும் என்று பால் குடிக்கும் வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இந்தச் சமையலிலோ கிண்டினால் கெட்டது. கதவைத் திறந்தால் சூடு போய்விடும். ஆளாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது. செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. மாமியார் பின்கட்டு நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, “ஏத்தா, தாளிக்கலையா?” என்றார். இல்லை அத்தை. “தேங்கா?” இல்லை. “சோம்பாச்சும் போட்டியா?” இல்லை. அவர் என் முகத்தை, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறவர் கணக்காகப் பார்த்தார். வீட்டுக்காரர் கதவுப் பிடியில் கை வைத்தார். நான் நகர்ந்து முன்னால் நின்றுகொண்டேன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், “அக்கா, இஞ்சி பூண்டு விழுது தேச்சு ஊற வச்சா இன்னும் நல்லாருக்கும்க்கா” என்றாள். ஆக, அவளும் கோழிக் கட்சி.

அவளுக்கு ஓவன் கிடையாது. இரும்புத் தோசைக்கல் போதும் என்றேன். கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவி, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி துண்டுகளை இடம் விட்டு வைத்து, மிதமான தீயில் ஏழெட்டு நிமிஷம் தொடாமல் விட்டால் அடி சிவந்துவிடும். திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்சம். மூடி மட்டும் போடக்கூடாது. மூடினால் ஆவி பிடித்து அவியலாகும். “ஏழு நிமிஷம் தொடாம எப்படிக்கா?” என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

முழுப் பூவை அப்படியே வாட்டுவதும் உண்டு. டெல் அவிவ் நகரத்துச் சமையல்காரர் ஏயல் ஷானி தன் மிஸ்னோன் கடையில் அதைச் செய்து உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். இலையோடு முழுசாக உப்புத் தண்ணீரில் வேகவைத்து, எண்ணெய் தடவி, அனலில் சிவக்க வைப்பார். படத்தில் பார்த்தால் ராஜ களை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மேல்தோல் மட்டும் முறுகலாகி, உள்ளே முழுக்க வெள்ளையாக வெந்து கிடக்கும். முதலில் வெட்டுகிறவருக்கு மேல்பக்கம், கடைசியில் வருகிறவருக்குத் தண்டு. கூட்டுக்குடும்பத்தில் அதை வைத்துப் பங்கு பிரித்தால் பேச்சு வார்த்தை நின்றுபோகும்.

இருபது நிமிஷத்துக்கு மேல் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது; துண்டுகள் வியர்த்துக்கொண்டு வெளிறிக் கிடக்கும். பிறகு உப்புப் பட்ட இடங்களில் எண்ணெய் சிறிதாகப் பொரியும். அந்தப் பொரிச்சல் குறைந்து நின்றதும் மொட்டுகளின் நுனி, ஊசி முனை அளவு, தேன் நிறமாகும். தட்டோடு ஒட்டிய ஓரத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்து, அது மெல்ல மேலே ஏறும். கந்தக வாசம் போய், வேர்க்கடலை வறுக்கிற வாசம் கிளம்பும். மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துவது நின்றுவிட்டது தெரிந்தது. ஒரு கொடித் துணியை யாரும் அவ்வளவு நேரம் உலர்த்த மாட்டார்கள்.

தட்டை வெளியே எடுத்ததும் மாமியார் எட்டிப் பார்த்தார். “அம்புட்டுப் பூவும் இம்புட்டூண்டு ஆயிருச்சு. அதுலயும் பாதி கருகிருச்சு” என்றார். சுருங்கியது உண்மை, தண்ணீர் போனால் பிறகு என்ன மிஞ்சும்? நாலு பேர் வீட்டுக்கு ஒரு பூ காணாது, இரண்டாவது தேவை, ஆனால் தட்டில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டையும் ஒன்றாகத் திணித்தால் ஒன்றை ஒன்று அவித்துவிடும். கருகியது என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கருகல் வேறு, காந்தல் வேறு. சேப்பங்கிழங்கு வறுவலில் சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்பொரி, பால்கோவா கிண்டிய உருளியின் ஓரச் சுரண்டல், நெய்க் கசண்டில் சீனி போட்டுக் கொடுத்த சோறு, இதெல்லாம் காந்தல்தான். இவற்றுக்காகச் சண்டை போட்டு வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லாரும். ஒரு சட்டி வறுவலில் காந்தல் இரண்டு கரண்டி தேறும். அதில் வீட்டில் மூத்தவருக்கு ஒரு கரண்டி, இளையவருக்கு ஒரு கரண்டி, நடுவில் பிறந்தவர்களுக்கு வேடிக்கை. ஓவனில் வாட்டிய காலிஃபிளவரில் தட்டு முழுக்க அதுதான். இதைப் போய் யார் வெளிநாட்டுப் பண்டம் என்று சொன்னது?

ரசம் சோற்றோடு வைத்தேன். வீட்டுக்காரர் முதல் துண்டை இரண்டாகப் பிய்த்து, உள்ளே கோழி இருக்கிறதா என்று தேடுகிற மாதிரிப் பார்த்துவிட்டு வாயில் போட்டார். ஓரம் மொறுமொறுவென்று உடைந்தது. நடுவில் வெண்ணெயாக வெந்திருந்தது. அடுத்ததைப் பிய்க்கவில்லை. மூன்றாவது சோற்றை மறித்துக்கொண்டு தானே முதலில் போனது. சாப்பிட்டு முடித்துக் கையை நக்கிக்கொண்டே, “நல்லாத்தான் இருக்கு. கொஞ்சூண்டு சோளமாவு தூவி வச்சா...” என்று ஆரம்பித்தார். நான் நிமிர்ந்து பார்த்ததும், மிச்ச வாக்கியத்தை மோரோடு சேர்த்துக் குடித்துவிட்டார்.

மாமியார் இலையில் ஐந்து துண்டு வைத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். “வாய்வு” என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். அதிலும் உண்மை இருக்கிறது. இதன் நார்ச்சத்தைக் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைப்பதால் வயிறு கொஞ்சம் பேசத்தான் செய்யும். பெருங்காயம் போட்ட ரசம் பக்கத்தில் இருப்பது நல்லது. நான் எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

“அந்தத் தட்டை இங்கிட்டுக் கொண்டா” என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். அடியில் எண்ணெயும் மிளகும் உப்பும் உதிர்ந்த மொட்டுப் பொடியும் சேர்ந்து, கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. அதில் இரண்டு கைப்பிடி சுடுசோற்றைப் போட்டு, வெந்த பூண்டுப்பல்லைத் தோலை உரித்துப் பிதுக்கி, நாலு மூலையையும் விரலால் வழித்துப் பிசைந்தார். வீட்டுக்காரர் கையை நீட்டினார். ஒரு உருண்டை கொடுத்தார், சின்னதாக. பக்கத்து வீட்டுப் பெண் கிண்ணத்தோடு பின்கட்டுக் கதவைத் தட்டினாள். சீனி கடன் கேட்க வந்தாளாம். அவளுக்கும் ஒரு உருண்டை.

எனக்கு மிஞ்சியது விரல் நுனி அளவு. நான் அதை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போது மாமியார் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“அவசரப்பட்டு எடுத்துப்புட்டத்தா” என்றார். “இன்னும் அஞ்சு நிமிஷம் விட்டிருக்கலாம்.”